தானே மாறும் கியரும் நாம் மாற்றும் வேளையும்



ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை நாமாக மாற்றவேண்டிய சந்தர்ப்பம் எப்போது நேரும் என்பது இன்று மாலை நான் பேசவேண்டிய விஷயம். அதைக் கேட்டவுடனே, "மாற்றும் சிரமம் வேண்டாம் என்றுதானே கூடுதல் பணம் கொடுத்து அந்த வண்டியை வாங்குகிறோம், வாங்கிய பிறகும் நாமே மாற்றுவானேன்?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும், வண்டியைச் செய்தவர்களே கியர் லீவரின் பக்கத்தில் 'எல்' என்றோ 'எஸ்' என்றோ ஓர் எழுத்தையோ, ப்ளஸ், மைனஸ் என்ற இரண்டு குறிகளையோ பொறித்துத்தான் விற்கிறார்கள்; காசைக் கணக்குப் பார்க்கும் எந்தக் கம்பெனியும் வெறும் அலங்காரத்துக்காக ஓர் உறுப்பைச் சேர்ப்பதில்லை. வாங்கியவர்களோ, அந்த இடத்தை ஒருமுறையேனும் தொட்டுப் பாராமலே வண்டியை மறுகைக்கு விற்றுவிடுகிறார்கள். அது எதற்காக வைக்கப்பட்டது, எப்போது அதை நாடவேண்டும், எப்போது அதன் பக்கம் போகாமலே இருப்பது விவேகம் என்ற மூன்றையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

கியர் மாற்றும் வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்ற ஆசை மோட்டார் வாகனத்தின் வயதோடு ஏறக்குறைய ஒத்த வயதுடையது. ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானிய என்ஜினீயர், கப்பலின் டர்பைன் சுழலும் மிகுவேகத்தை, நிதானமாகச் சுழலவேண்டிய ப்ரொப்பெல்லருக்கு இசைவிக்கும் பொருட்டு, ஒரு சக்கரம் திரவத்தை வீச மற்றொரு சக்கரம் அதன் வேகத்தை வாங்கிச் சுழலும் ஏற்பாட்டுக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். கடலுக்காகப் பிறந்த அந்த யோசனை பின்னர் கரையேறி மோட்டார் வண்டிக்குள் புகுந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், தனது 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களில், கிளட்ச் பெடலே இல்லாமல் நான்கு கியர்களும் தாமே மாறும் ஹைட்ராமேட்டிக் என்ற கியர்ப் பெட்டியைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. பெரிய அளவில் உற்பத்தி செய்யப்பட்ட முழு ஆட்டோமேட்டிக் கியர்ப் பெட்டிகளுள் அதுவே முதலாவது. இரண்டாம் உலக யுத்தத்தில் எம்-5 என்ற இலகு டாங்கியையும் அதுதான் ஓட்டியது. இவ்வளவு சாமர்த்தியம் வாய்ந்த அந்த முதல் யந்திரத்தின் லீவரிலேயே, 'ஹை' என்ற ஸ்தானத்துக்கு அடுத்தபடியாக 'லோ' என்ற ஸ்தானமும் இருந்தது என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். மனிதன் குறுக்கிடவேண்டிய வேளை வரும் என்று அதைப் படைத்தவர்களே எதிர்பார்த்திருந்தார்கள்.

அதே 1939-இல் லண்டன் மாநகரில் ஓடத் தொடங்கிய ஆர்.டி. ரக இரட்டை மாடி பஸ்களில் வேறொரு விதமான பங்கீடு நிலவியது. ஸ்டியரிங்கின் அருகிலுள்ள சிறு லீவரை நகர்த்தி, அடுத்து வேண்டிய கியர் இன்னது என்று டிரைவர் முன்கூட்டியே குறித்து வைத்துவிடுவார். பிறகு வேளை வந்ததும் காலால் ஒரு பெடலை மிதிக்க, குறித்த கியர் விழும். தீர்மானம் மனிதனுடையது, காரியம் யந்திரத்துடையது என்ற அந்த ஏற்பாட்டோடு செய்யப்பட்ட பஸ்களுள் பல, பிற்காலத்தில் இலங்கைப் போக்குவரத்துச் சபையால் விலைக்கு வாங்கப்பட்டு, அங்கேயும் ஓடின. இன்றைய ஆட்டோமேட்டிக் வண்டியில் நாம் கியரை மாற்றும்போதும் உண்மையில் நடப்பது இதுவேதான். பல்சக்கரங்களை நாம் நகர்த்துவதில்லை. கிளட்சை நாம் அழுத்துவதில்லை. தீர்மானத்தை மாத்திரம் யந்திரத்திடமிருந்து சற்று நேரத்துக்குத் திரும்பப் பெறுகிறோம்.

அப்படித் திரும்பப் பெறுவது எப்போது நியாயம் என்பதை அறிய, யந்திரம் எந்த ஆதாரத்தைக் கொண்டு தீர்மானம் செய்கிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய காலத்து ஆட்டோமேட்டிக் கியர்ப் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி, அங்கே இருக்கும் வால்வுத் தொகுதியைப் பிரித்துப் பார்த்தால், விரல் கனமுள்ள உருளை ஒன்று, தனக்கென்று குடைந்த துளையினுள் முன்னும் பின்னும் வழுக்கும்படி அமைந்திருக்கக் காணலாம். அதன் ஒரு முனையை, வண்டியின் வேகம் ஏற ஏறத் தானும் ஏறும் எண்ணெய் அழுத்தம் தள்ளுகிறது. மறுமுனையை, ஆக்ஸிலரேட்டரை நாம் மிதிக்கும் அளவுக்குத் தக்க அழுத்தமும் ஒரு ஸ்பிரிங்கும் சேர்ந்து எதிர்த்துத் தள்ளுகின்றன. வேகத்தின் கை ஓங்கினால் உருளை ஒரு பக்கம் நகர்ந்து மேல் கியர் விழும். காலின் கை ஓங்கினால் மறுபக்கம் நகர்ந்து கீழ் கியர் விழும். யந்திரத்தின் ஞானம் முழுவதும் இந்த இரண்டே செய்திகளுக்குள் அடங்கியது: வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது, ஓட்டுகிறவர் எவ்வளவு மிதிக்கிறார்.

இன்றைய கம்ப்யூட்டர் இவற்றோடு எண்ணெயின் சூடு, என்ஜினின் சுமை, சாலையின் சாய்வு முதலிய பலவற்றையும் அறிந்துகொள்கிறது. அவ்வறிவில் அது நம்மை எளிதில் வென்றுவிடும். ஆனால் அது அறிவதெல்லாம் இந்தக் கணத்தில் வண்டி நிற்கும் நிலைமையைத்தான். அடுத்த வளைவுக்கு அப்பால் சாலை சரிகிறதா, ஏறுகிறதா, அங்கே ஒரு லாரி நின்றுவிட்டதா என்பதெல்லாம் அதன் புலன்களுக்கு எட்டாதவை. பந்தியில் பரிமாறுகிறவர் இலை காலியானதைக் கண்டவுடன் கரண்டி நிறையச் சோற்றை வைத்துவிடுகிறார். இன்னும் பாயசத்துக்கும் மோருக்கும் வயிற்றில் இடம் வேண்டும் என்பதோ உண்கிறவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். கையை நீட்டி "போதும்" என்று தடுப்பது பரிமாறுகிறவரை அவமதிப்பதாகாது. அவர் அறியாத செய்தியை அவருக்கு அறிவிப்பதே ஆகும். எனவே என் அபிப்பிராயத்தை ஒரே விதியாகச் சொல்லிவிடலாம்: சாலையைப் பற்றி யந்திரத்துக்கு எட்டாத ஒரு செய்தி நமக்குத் தெரிந்திருக்கும்போது கியரை நாம் மாற்றவேண்டும், அப்படி ஒன்றும் தெரியாதபோது அதன் வழியிலேயே விட்டுவிடவேண்டும். இனி நான் சொல்லப்போகும் சந்தர்ப்பங்கள் யாவும் இவ்விதியின் உதாரணங்களே.

அவற்றுள் தலையாயது மலையிறக்கம். உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில் இருக்கிறது. ஆட்களோடு சேர்ந்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் உதகமண்டலத்திலிருந்து குன்னூர் வழியாக 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே வந்து சேர்கையில், 1,900 மீட்டர் உயரத்தை இழக்கிறது. உயரத்தில் இருந்தபோது அந்தக் காரிடம் சேர்ந்திருந்த சக்தி எங்கேனும் செலவாகியே தீரவேண்டும். கணக்கிட்டால் அது இரண்டு கோடியே இருபது லட்சம் ஜூலுக்கு மேற்படுகிறது. அதாவது, சுமார் 75 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயர்களின் உராய்வும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதை ஏற்றுக்கொள்ள இருவர்தாம் உண்டு: ஒருவர் பிரேக், மற்றவர் என்ஜின்.

லீவரை 'டி' என்ற வழக்கமான ஸ்தானத்திலேயே விட்டுவிட்டு இறங்குகிற வண்டியில் என்ன நடக்கிறது? ஓட்டுகிறவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். சரிவினாலோ வேகம் ஏறிக்கொண்டே போகிறது. வேகம் மிகுதி, மிதிப்பு இல்லை என்ற இரண்டு செய்திகளையும் பெற்ற பழைய கியர்ப் பெட்டி, சமதளத்தில் நிம்மதியாக ஓடுவதாக எண்ணி, மேல் கியரைப் போட்டுவிடுகிறது. மேல் கியரில் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தி மிக அற்பம். ஆகையால் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது. சரிவை உணர்ந்து தானே கியரைக் குறைக்கும் புதிய வண்டிகள் இருக்கின்றன. அவையும் சரிவுக்குள் இறங்கிய பிறகே குறைக்கின்றன, அதுவும் நமக்கு வேண்டிய அளவுக்குக் குறைப்பதாகச் சொல்ல முடியாது. அந்த மலைப்பாதையிலுள்ள பர்லியாற்றில் தேநீர் அருந்த நிறுத்தப்படும் கார்களின் முன்சக்கரத்தின் பக்கம் சற்றுக் குனிந்து பாருங்கள். கருகிய வாடை மூக்கில் ஏறும். வட்டத் தகட்டின்மேல் ஒரு துளி நீர் பட்டால் சுரீரென்று ஆவியாகும்.

சூடேறிய பிரேக் இரண்டு விதங்களில் கைவிடும். முதலாவதாக, பேடின் உராயும் தன்மை அளவுக்கு மீறிய சூட்டில் குறைகிறது. எவ்வளவு அழுத்தினாலும் வண்டி பிடிக்காது. இரண்டாவது இன்னும் பயங்கரமானது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சும் இயல்புடையது. டாட்-3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக்கூடாது என்பது விதி; ஈரமேறிய நிலைக்கு அதே விதி கோருவது 140 டிகிரிதான். ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகிவிட்டால், மிதிக்கும் அழுத்தம் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகி, பெடல் தரைமட்டும் போய்விடும். "பிரேக் பிடிக்கவில்லை" என்று விபத்துக்குப் பிறகு டிரைவர் சொல்லும் வார்த்தை பல சமயங்களில் பொய்யல்ல. ஆறிய பின் பரிசோதிக்கும்போது அதே பிரேக் ஒழுங்காக வேலை செய்வதும் பொய்யல்ல.

மற்றவரான என்ஜினுக்கு இந்த அபாயம் இல்லை. பெட்ரோல் என்ஜினில் காலை எடுத்தவுடன் காற்று நுழையும் வழியை ஒரு தகடு அடைத்துக்கொள்கிறது. அடைத்த வாயிலின் வழியே காற்றை உறிஞ்சப் போராடும் பிஸ்டன்களின் சிரமமும், உள்ளுறுப்புகளின் உராய்வும் சேர்ந்து சக்கரங்களைப் பின்னுக்கு இழுக்கின்றன. கியர் குறையக் குறைய, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் என்ஜின் பல சுற்றுச் சுற்றவேண்டியிருப்பதால், அவ்விழுப்பு வலுவடைகிறது. உண்டாகும் சூட்டை ரேடியேட்டரும் எண்ணெயும் புகைக்குழாயும் நாள் முழுவதும் சளைக்காமல் வெளியே கொண்டுபோய்க்கொண்டிருக்கும். டீசல் என்ஜினில் காற்றை அப்படி அடைக்கும் ஏற்பாடு இல்லாமையால் இழுப்புச் சற்றுக் குறைவு. லாரிகளிலும் பஸ்களிலும் புகைவழியை அடைத்து இழுப்பை உண்டாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாகப் பொருத்துவது அதனாலேயே.

எனவே இறக்கத்துக்குரிய முறை இது. சரிவு தொடங்குமுன், வண்டி இன்னும் நம் வசத்தில் இருக்கும்போதே, வேகத்தைப் பிரேக்கால் குறைத்து, லீவரை மைனஸ் பக்கமாகத் தட்டியோ, 'எல்' அல்லது '2' என்ற ஸ்தானத்துக்கு இழுத்தோ, கீழ் கியரைப் பிடித்துக்கொள்ளவேண்டும். எது தக்க கியர் என்பதற்கு, ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்று மலைப்பாதை டிரைவர்கள் வழங்கும் பழைய வாக்கு இன்றைக்கும் பொருந்தும். இன்னும் நுட்பமாகச் சொன்னால், காலை எடுத்த பிறகும் வேகம் ஏறிக்கொண்டே போனால் இன்னும் ஒரு கியர் குறைக்கவேண்டும். வண்டி நகர ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவேண்டியிருந்தால் ஒரு கியர் கூட்டிக்கொள்ளலாம். என்ஜின் உரத்துச் சப்தமிடும். அதைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. முள் சிவப்புக் கோட்டை எட்டாதவரை அந்தச் சப்தம் என்ஜின் தன் கடமையைச் செய்வதற்கு அடையாளமே ஒழிய, வேதனைக்கு அறிகுறியன்று. வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்தபின் காலை முழுவதும் எடுத்துவிடவேண்டும். மைல் கணக்காக இலேசாக மிதித்துக்கொண்டே வருவது பிரேக்குக்கு ஆற அவகாசமே தராத பழக்கம்.

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டுவது சிக்கனம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றைய இன்ஜெக்ஷன் என்ஜின்களில், கியரில் இருந்தபடி காலை எடுத்து இறங்கும்போது கம்ப்யூட்டர் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ என்ஜின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆக, உயிருக்கு அபாயத்தைத் தேடிக்கொண்டு, பணத்தையும் சேர்த்து இழப்பதுதான் அதில் கண்ட மிச்சம்.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. முதல் அல்லது இரண்டாவது கியரிலேயே இறங்கும்படி அங்கே பலகைகள் எச்சரிக்கின்றன. அப்படியும் விபத்துகள் ஓயாமையால், வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்குவதற்குத் தடை விதிக்கவேண்டியதாயிற்று. இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய தொல்லை என்று எண்ணவேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டியின் தாயகமான அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் பீக் சிகரத்திலிருந்து இறங்கும் கார்களைக் க்ளென் கோவ் என்ற இடத்தில் நிறுத்தி, பிரேக்கின் சூட்டைக் கருவியால் அளந்து, மிதமிஞ்சியிருந்தால் ஆறும்வரை அங்கேயே நிற்கவைக்கிறார்கள். பிறந்த வீட்டிலேயே இவ்வளவு ஜாக்கிரதை வேண்டியிருக்கும்போது, நமக்கு அது எவ்வளவு வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

மலையேற்றத்தில் நேரும் சங்கடம் வேறு வகையானது. வண்டி மூன்றாவது கியரில் திணறுகிறது, யந்திரம் இரண்டாவதைப் போடுகிறது, வேகம் சற்றுப் பிடித்தவுடன், ஓட்டுகிறவர் காலைத் தளர்த்துகிறார், உடனே மீண்டும் மூன்றாவது, மீண்டும் திணறல். ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளேயுள்ள கிளட்சுகள் வழுக்கிப் பிடிக்கின்றன. திரவத்தால் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரில் எண்ணெய் கடையப்பட்டுச் சூடேறுகிறது. ஆட்டோமேட்டிக் கியர்ப் பெட்டிக்குச் சூட்டைப்போல் சத்துரு வேறொன்றும் இல்லை. ஏற்றம் இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. ஆகையால் இரண்டாவதில் நிறுத்திப் பிடித்துக்கொள்வதே உசிதம். இழுவை வண்டியைக் கட்டிக்கொண்டு போகிறவருக்கும் இதே விதி.

நெடுஞ்சாலையில் முன்னே செல்லும் லாரியைத் தாண்டும் வேளை அடுத்தது. பெடலை முற்றிலும் அழுத்தினால் யந்திரம் கீழ் கியருக்கு இறங்கி வேகம் தரும் என்பது மெய்யே. ஆனால் அழுத்திய பிறகு அது யோசித்து, கியரை இறக்கி, வேகம் பிடிப்பதற்குள் ஓரிரு விநாடி கழிந்துவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் சாலை போய்விடுகிறது. எதிர்ச்சாலை காலியாகப் போகிறது என்பதை நாம் கண்ணால் காண்கிறோமாதலால், தாண்டப் புறப்படுமுன்பே ஒரு கியர் குறைத்து ஆயத்தமாக நிற்பது நல்லது. சேற்றிலும் ஈரப் புல்லிலும் இதற்கு நேர்மாறான காரணத்துக்காகக் கியரைத் தேர்ந்துகொள்ளவேண்டும்: முதல் கியரின் அபார இழுப்பில் சக்கரம் வீணே சுழன்று குழி பறிக்கும், இரண்டாவதில் மெல்லக் கிளப்பினால் வண்டி வெளியேறும்.

2014-இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டில் பெருவழக்குக்கு வந்த ஏ.எம்.டி. வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அவ்வண்டிகளுக்குள் இருப்பது சாதாரண கியர்ப் பெட்டியும் சாதாரண கிளட்சுமே. அவற்றை அழுத்தவும் நகர்த்தவும் மனிதனின் கைகால்களுக்குப் பதிலாகக் கருவிகள் அமர்த்தப்பட்டிருக்கின்றன. அதனால் ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் இழுப்பு ஒரு கணம் அறுந்துபோகிறது. ஏற்றத்து வளைவின் நடுவில் அந்தக் கணம் வந்தால் வண்டி தயங்கி நிற்கும். வளைவுக்கு முன்பே நாமாகக் கீழ் கியரைப் போட்டுவிட்டால் அத்தயக்கம் நேராது. மேட்டில் நிற்க நேர்ந்தால், ஆக்ஸிலரேட்டரை இலேசாக மிதித்தபடியே வண்டியைத் தாங்கி நிற்பது கிளட்சைத் தீய்த்துவிடும். கைப்பிரேக்கைப் பிடித்தே நிற்கவேண்டும். சி.வி.டி. வகையில் தனித்தனிக் கியர்களே இல்லை. ஆயினும் அதிலுள்ள 'எல்' அல்லது 'எஸ்' என்ற ஸ்தானம் என்ஜினை மிகுவேகத்தில் சுழலச் செய்து இறக்கத்தில் பிடித்துக்கொள்ள உதவும்.

இனி, மாற்றக் கூடாத வேளைகள். நகரத்துச் சாலையிலும் சமவெளியிலும் யந்திரத்தின் தீர்மானத்தை நாம் மிஞ்ச முடியாது. அங்கே மைனஸும் ப்ளஸும் தட்டிக்கொண்டிருப்பது வெறும் விளையாட்டு. ஒவ்வொரு சிக்னலிலும் நிற்பதற்காகக் கியரைக் குறைத்து என்ஜினால் நிறுத்துவதும் வீண். நிறுத்துவதற்கென்றே இருப்பது பிரேக், அதன் பேடுகளின் விலை கியர்ப் பெட்டியின் விலையில் மிகச் சிறிய பின்னம். வழுக்கும் சாலையில் திடீரென்று மிகக் கீழ் கியருக்கு இறங்குவது, என்ஜின் இழுக்கும் சக்கரங்களைச் சறுக்கச் செய்யும். வண்டி முற்றிலும் நிற்குமுன் 'ஆர்' என்ற பின்கியருக்கோ, 'பி' என்ற பூட்டுக்கோ லீவரைத் தள்ளுவது எந்தக் காலத்திலும் தகாது. மற்றபடி, தவறான கியரைக் கேட்டுவிட்டால் என்ஜின் வெடித்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். அளவுக்கு மீறிச் சுழலவைக்கும் கியரைக் கேட்டால் இக்காலத்துக் கம்ப்யூட்டர் இணங்க மறுத்துவிடும்.

யந்திரத்துக்கு நாளடைவில் கண்ணும் வந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். வந்துகொண்டிருக்கிறது. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ரேய்த் என்ற கார், செயற்கைக்கோளின் துணையால் தான் நிற்கும் இடத்தையும் வரப்போகும் வளைவையும் முன்னதாக அறிந்து, அதற்கேற்ற கியரைத் தானே தேர்ந்துகொண்டது. முன்னறிவு இல்லாமல் கியரைத் தேர்வது குறையுள்ள காரியம் என்பதை அதைச் செய்தவர்கள் ஒப்புக்கொண்டதற்கு இதுவே சாட்சி. ஆனால் வரைபடத்தில் வளைவுதான் இருக்கும். வளைவில் மழையால் சரிந்த மண்ணோ, அகலத்தை அடைத்துத் திரும்பும் பஸ்ஸோ, பெரிய குடும்பமும் மூட்டைமுடிச்சும் ஏறியதால் கூடிய பாரமோ, பின்னிருக்கையில் தலைசுற்றிக் கிடக்கும் குழந்தையோ அதில் இராது.

அன்பர்களே, யந்திரம் நம் கைகளுக்கும் கால்களுக்கும் ஓய்வு கொடுத்திருக்கிறது. அதைப் பெற்றுக்கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை. கண்ணுக்கும் கருத்துக்கும் அது ஓய்வு கொடுக்கவில்லை, கொடுத்ததாக எங்கும் எழுதித் தரவும் இல்லை. ஆகையால் ஒரு சிறு வேண்டுகோள். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரத்தில் ஒரு நாள், நடமாட்டம் இல்லாத சமதளச் சாலை ஒன்றில், லீவரை 'டி'யிலிருந்து நகர்த்திக் கீழ் கியரைப் பிடித்து, என்ஜின் எப்படி இழுத்துப் பிடிக்கிறது, எவ்வளவு சப்தம் எழுகிறது, முகப்பில் எந்த எண் தோன்றுகிறது என்பதைப் பழகிக்கொள்ளுங்கள். முதற்பாடத்தைக் கொண்டை ஊசி வளைவில் கற்றுக்கொள்ள நேரவேண்டாம். பிறகு மலைக்குப் போய்வாருங்கள். இறங்கும்போது எந்தக் கியரில் இறங்குவது என்பதை உச்சியிலேயே, வண்டியைக் கிளப்புமுன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.